புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவருக்கு எந்தத் துணை: வகுப்பா, கோச்சா, மூத்தவரா, சக வட்டமா?

கோயம்புத்தூர் வட்டாரத்துப் பம்புத் தொழிற்சாலை ஒன்றில், ஒன்பது ஆண்டுகள் சி.என்.சி. லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில்) நின்று, ஷாப்பிலேயே, அதாவது உற்பத்திக் கூடத்திலேயே, ரிஜெக்‌ஷன் குறைவாகத் தருபவர் என்று பெயரெடுத்த ஒருவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பதவி உயர்வு வந்த இரண்டாவது வாரம், இரண்டாம் ஷிப்டில், ஐம்பது வயதைக் கடந்த ஆபரேட்டர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த ஷாஃப்டுகளில், பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது. புதியவர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அருகில் போய் நின்றார். “அண்ணா, இன்சர்ட்ட ஒருக்கா பாக்கோணுங்க” என்றார்; உலோகத்தைச் சீவும் வெட்டு முனையைத்தான் சொன்னார். “நீ போ தம்பி, நான் பாத்துக்கறேன்” என்று பதில் வந்தது. அவர் திரும்பி வந்துவிட்டார். ஷிப்டு முடிவதற்குள், அளவு தவறியவற்றைப் போடும் சிவப்புப் பெட்டியில் 14 ஷாஃப்டுகள் சேர்ந்துவிட்டன. மறுநாள் அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அந்த மெஷினில் தாமே நின்று ஷிப்டு முழுவதும் ஓட்டினார்.

அந்தத் தொழிற்சாலையில் அப்போது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவன் நான். அடுத்த சில மாதங்களில் மேலும் நான்கு ஆபரேட்டர்களைச் சூப்பர்வைசர்களாக உயர்த்துவதாக இருந்த நிர்வாகம், அவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று எழுதித் தரச் சொன்னது. வெளியூரில் நடக்கும் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்புவதா, தனிப்பட்ட கோச் ஒருவரை அமர்த்துவதா, அனுபவமிக்க மூத்த சூப்பர்வைசர் ஒருவரின் பொறுப்பில் ஒவ்வொருவரையும் விடுவதா, அல்லது நால்வரையும் ஒரு வட்டமாக உட்காரவைத்து ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ளச் செய்வதா என்பதே கேள்வி. பணம் ஓர் ஏற்பாட்டுக்குத்தான் இருந்தது. இதே நிலையில் இருக்கும் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளின் மேலாளர்களுக்குப் பயன்படும் என்பதால், அப்போது நான் எண்ணிப் பார்த்தவற்றையும் பிறகு கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கோச்சிங் என்றதும் நீட் கோச்சிங்கும் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே கோச் என்பவர் பாடம் நடத்துபவர். பணியிடத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய எதிர்ப்பொருளில் வழங்குகிறது. அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநரான திமொதி கால்வே 1970-களில் கவனித்தது, ஆட்டக்காரருக்கு அடுக்கடுக்காக அறிவுரை சொல்வதைவிட, பந்து எங்கே விழுகிறது, எப்படி எழும்புகிறது என்று அவரையே பார்த்துச் சொல்ல வைத்தால் ஆட்டம் சீக்கிரம் திருந்துகிறது என்பதை. கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் போன்றவர்கள் அந்த முறையை பிரிட்டனின் அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, முன்னால் இருக்கும் வழிகள் என்ன, இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு படிக் கேள்விமுறை அவர் வழியாகத்தான் பரவியது. ஆகவே கோச் பாடம் நடத்துவதில்லை. கேட்கிறார், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பயிற்சி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது, ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு மற்றொன்றை எதிர்பார்க்கும் தவறு நேர்கிறது.

நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால், அந்தச் சூப்பர்வைசரிடம் எது இல்லாமல் போனது என்று பார்க்க வேண்டும். அளவெடுக்க அவருக்குத் தெரியும். இன்சர்ட் தேய்ந்தால் விட்டம் கூடும் என்பதும் தெரியும். அறிவில் குறையில்லை. போன வாரம் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த, தம்மைவிட இருபது வயது மூத்த ஒருவரிடம், மரியாதை குறையாமலும் சொல்ல வந்தது நீர்த்துப்போகாமலும் எப்படிப் பேசுவது என்பது அவருக்குப் பழக்கமில்லை. அதற்கும் மேலாக, மெஷினை நிறுத்தச் சொல்லும் உரிமை தமக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. முன்னது பழக்கத்தால் வரும். பின்னதை வேறொருவர் கொடுத்தால்தான் உண்டு.

வகுப்பை எடுத்துக்கொள்வோம். இதுவே நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் தேதி தெரியும், செலவு தெரியும், முடிவில் சான்றிதழும் குழுப் படமும் கிடைக்கும். ஆனால் வகுப்பு முடிந்ததும் நாம் நிரப்பித்தரச் சொல்லும் தாளில் இருப்பதெல்லாம் பயிற்சி பிடித்திருந்ததா, பேச்சாளர் நன்றாகப் பேசினாரா, சாப்பாடு எப்படி என்பவைதான். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நிலையோடு நிறுத்திக்கொள்கின்றன என்பதை இந்தத் துறையில் இருக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாம் நிலையில் என்ன நடக்கிறது என்பதற்கு, என் மனத்தை மாற்றிய ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டிராக்டர்களும் லாரிகளும் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், தன் ஃபோர்மேன்களை ஒரு மையப் பள்ளிக்கு அனுப்பி மனித உறவுகள் பற்றிப் பாடம் நடத்தியது. அவர்கள் ஆலைக்குத் திரும்பிய பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்று உளவியலாளர் எட்வின் ஃபிளைஷ்மன் ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். தொழிலாளர்களிடம் ஃபோர்மேன் காட்டிய அக்கறை, அவர் பெற்ற பாடத்தைவிட அவருடைய மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பதைத்தான் ஒட்டியிருந்தது. அக்கறையுள்ள அதிகாரியின் கீழ் இருந்தவர்கள் அக்கறையோடு நடந்தார்கள். கடுமையான அதிகாரியிடம் திரும்பிப் போனவர்களிடம் வகுப்பின் பயன் நிற்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வுதான். ஆனாலும் மூன்று நாள் வகுப்பை முடித்துத் திரும்பி வரும் சூப்பர்வைசரை, “என்ன, லீடர்ஷிப் எல்லாம் கத்துக்கிட்டு வந்துட்டீங்களா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கும் மேலாளரை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தோடு மூன்று நாள் பாடமும் முடிந்துபோகிறது.

இதனால் வகுப்பே வீண் என்று சொல்லிவிட முடியாது. எந்த வகுப்பு என்பதில்தான் வேறுபாடு. இரண்டாம் உலகப்போரின்போது, அனுபவமில்லாத லட்சக்கணக்கானோரைத் திடீரென்று ஆலைகளில் சேர்க்க வேண்டியிருந்த அமெரிக்க அரசு, 1940-இலிருந்து 1945 வரை டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி, அதாவது ஆலைக்குள்ளேயே பயிற்சி) என்ற திட்டத்தை நடத்தி, 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோருக்குச் சான்றளித்தது. அதன் ஒவ்வொரு பாடமும் பத்து மணி நேரம்தான். இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட குழு. பேச்சைக் கேட்டுவிட்டுப் போவதற்கு அங்கே இடமில்லை. ஒவ்வொருவரும் தம் பிரிவின் உண்மையான வேலையையோ உண்மையான சச்சரவையோ கொண்டுவந்து, மற்றவர்கள் முன்னால் அதைச் செய்து காட்ட வேண்டும். வேலை கற்பிக்கும் பாடத்தில் நான்கு படிகள்: கற்பவரைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, செய்ய வைத்துப் பார்ப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது. வேலையாள் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அவர்களுடைய வாசகம். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போய், அங்குள்ள கார் ஆலைகளில் வேரூன்றியது. வகுப்புதான் உங்கள் தேர்வு என்றால், பங்கேற்பவர் தம் ஆலையின் சிக்கலைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் பயின்று பார்க்கும் வகுப்பா என்பதை மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

தனிப்பட்ட கோச் என்ற வழி, சரியான ஆள் கிடைத்தால், மிகுந்த வலிமையுள்ளது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்க நகராட்சி அமைப்பு ஒன்றின் 31 மேலாளர்கள் பயிற்சிப் பட்டறைக்குப் பிறகு எட்டு வாரம் தனித்தனியே கோச்சிங் பெற்றார்கள். பயிற்சியால் மட்டும் உற்பத்தித்திறன் 22.4 சதவீதமும், கோச்சிங்கும் சேர்ந்தபோது 88 சதவீதமும் உயர்ந்ததாக அது கூறியது. கோச்சிங் விற்க வருபவர்கள் இந்த 88-ஐக் காட்டாமல் போவது அபூர்வம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை, ஆட்களும் குறைவு. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம் ஆலைக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது. அந்த ஆய்வில் கோச்சாக இருந்தவர்கள் அந்த அமைப்பின் மேலாளர்களே, அதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வெளியாளுக்குப் பணம் கொடுத்துக் கிடைத்த பலன் என்று அதைச் சொல்ல முடியாது.

வெளியிலிருந்து ஒருவரை அமர்த்துவதானால் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது தகுதி. 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்றளிக்கிறது; முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும், நடு நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும், மேல் நிலைக்கு 200 மணி நேரப் பயிற்சியும் 2,500 மணி நேர அனுபவமும் வேண்டும். வார இறுதியில் ஒரு பட்டறைக்குப் போய்விட்டு கோச் என்று அட்டை அடித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லாத தொழிலில், இந்த மணிக்கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை. இரண்டாவது மொழி. தன் அச்சத்தைத் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய ஓர் உரையாடலை, தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் ஒருவரால் நடத்த முடியாது. தமிழில், அதுவும் ஷாப்பில் பேசும் தமிழில், பேசத் தெரிந்த கோச் கிடைக்கவில்லை என்றால் இந்த வழியை மறந்துவிடலாம். மூன்றாவது இரகசியம். பணம் கொடுப்பது நிறுவனம், மனம் திறப்பது ஊழியர். பேசியது முதலாளியின் காதுக்குப் போகும் என்ற எண்ணம் ஒரு முறை வந்துவிட்டால் அந்த அறையில் உண்மை பேசப்படாது. இலக்கு என்ன என்பதை மூவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்; பேசியது என்ன என்பது இருவருக்குள் மட்டும் நிற்க வேண்டும். இதை எழுத்தில் வாங்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூத்த சூப்பர்வைசர் ஒருவரின் பொறுப்பில் விடுவது நம் மரபுக்கு நெருக்கமான வழி. மேஸ்திரியிடம் தொழில் பழகியவர்களின் ஊர் இது. ஷாப்பில் யார் எதற்குக் கோபப்படுவார், மெயின்டனன்ஸில் யாரைக் கூப்பிட்டால் உடனே வருவார் என்பதையெல்லாம் எந்த வகுப்பும் சொல்லித்தராது. மூத்தவர் ஒரு வாரத்தில் சொல்லித்தந்துவிடுவார். ஆனால் அவருடைய பழக்கங்களும் சேர்ந்தே வரும். அதட்டியே வேலை வாங்கிப் பழகியவரிடம் பழகினால் அதட்டத்தான் வரும். காலமும் ஒரு சிக்கல். வழிகாட்டி உறவுகளை முதன்முதலில் நெருங்கி ஆராய்ந்தவர்களில் ஒருவரான கேத்தி கிராம், ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் 18 இணைகளைப் பின்தொடர்ந்து, 1983-இல் எழுதினார். உறவு தொடங்கிப் பழகவே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகிறது என்றும், பலன் தரும் காலம் அதற்குப் பிறகு இரண்டு முதல் ஐந்தாண்டு வரை நீள்கிறது என்றும் அவர் கண்டார். நாமோ ஆறு மாத மென்டரிங் திட்டம் என்று சுற்றறிக்கை அனுப்புகிறோம். உறவு கனியத் தொடங்கும்போது திட்டம் முடிந்துவிடுகிறது. பெயர்களைக் கட்டம் போட்டு இணைப்பதைவிட, யாரிடம் பழக விருப்பம் என்று புதியவரையே கேட்பது நல்லது.

சக வட்டம் என்ற நான்காவது வழிக்கு நம்மிடையே உரிய கவனம் இல்லை, அது எனக்கு வருத்தமே. ரெக் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயர், பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் கல்விப் பொறுப்பில் இருந்தபோது, சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, அவர்களையே சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவர் சுரங்கத்தின் சிக்கலை மற்றவர்கள் கேள்வி கேட்டு அலசும்படி செய்தார். இதற்குச் செலவு என்று பார்த்தால் ஓர் அறையும் டீயும்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு முறையும் ஒருவருடைய சிக்கல், மற்றவர்கள் தீர்வு சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்ற ஒரே விதி. இந்த விதியைக் காப்பதுதான் கடினம். “நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னா” என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். வட்டத்தை நடத்துபவர் அங்கே மென்மையாகக் குறுக்கிட வேண்டும். மூத்த ஆபரேட்டரிடம் பேசத் தயங்குவது தமக்கு மட்டும் உள்ள பலவீனம் என்று நினைத்திருந்த ஒருவர், மற்ற மூவரும் அதே தயக்கத்தோடு இருப்பதைக் கேட்கும்போது, அவர் முகத்தில் தெரியும் தெளிவை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நால்வருக்கும் தெரியாத ஒன்று, நால்வரும் கூடிப் பேசுவதால் தெரிந்துவிடாது.

இந்த நான்கு வழிகளிலும் விடுபட்டுப் போன ஒருவர் இருக்கிறார். அவர் புதியவரின் நேரடி மேலாளர். அந்த 14 ஷாஃப்டுகளுக்குப் பிறகு, புரொடக்‌ஷன் மேனேஜர் அந்தச் சூப்பர்வைசரைத் தனியே அழைத்துப் பேசினார், நானும் உடனிருந்தேன். திட்டுவார் என்றே இருவரும் நினைத்தோம். அவர் கேட்டார்: “சைஸ் போகுதுன்னு எத்தனாவது பீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சுது?” “மூணாவதுலயே தெரிஞ்சுதுங்க சார்.” “அப்ப நாலாவதோட நிறுத்தறதுக்கு என்ன வேணும்?” நெடுநேரம் பதில் இல்லை. மேனேஜரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் தலை நிமிராமலே சொன்னார்: “நிறுத்தலாம்னு நீங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவ சொல்லியிருந்தாப் போதுங்க சார்.”

அடுத்த ஷிப்டு மாறும்போது மேனேஜர் ஷாப்புக்கு வந்தார். அளவு தவறினால் மெஷினை நிறுத்தும் உரிமை சூப்பர்வைசருக்கு உண்டு, அதனால் டார்கெட் குறைந்தால் பதில் சொல்வது தம் பொறுப்பு என்று, அந்த மூத்த ஆபரேட்டர் உட்பட எல்லோரும் கேட்கச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கேள்வியை ஒரு நல்ல கோச்சும் கேட்டிருப்பார். ஆனால் விடையைக் கொடுக்க அவரால் முடியாது; அது மேலாளரின் கையில் இருந்தது. ஃபிளைஷ்மன் எண்களில் கண்டதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

மேலாளரே கோச்சாக இருப்பதில் குறையும் உண்டு. சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் எல்லாவற்றையும் திறந்து சொல்ல எவருக்கும் தயக்கம் இருக்கும். கருத்துச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. குளூகர், டினிசி என்ற இருவர் 1996-இல் ஃபீட்பேக் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 607 அளவீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சராசரியாகப் பலன் இருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலைத்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையிலிருந்து நகர்ந்து, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குப் போகும்போது அது கெடுக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். “நீங்க ரொம்ப சாஃப்ட்” என்பதும், “மூணாவது பீஸ்ல தெரிஞ்சும் நாலாவது ஓடிச்சு” என்பதும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவைதான்; முன்னது ஆளைத் தொடுகிறது, பின்னது வேலையைத் தொடுகிறது. மேலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டுமென்றால் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் முதலில் தருவேன்.

ஆகவே என் தேர்வு இப்படி அமைந்தது. முதல் ஆறு மாதத்துக்கு, ஒவ்வொரு புதிய சூப்பர்வைசருடனும் மேலாளர் வாரத்துக்கு அரை மணி நேரம் தனியே உட்கார வேண்டும். அதற்குத் துணையாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சக வட்டம் கூட வேண்டும், அதில் மேலாளர் இருக்கக் கூடாது. ஒதுக்கிய பணத்தை, செய்து பழகும் பத்து மணி நேர வகுப்புக்குச் செலவிடலாம். அதில் மேலாளரும் மாணவராக உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. மூத்தவரின் துணையை விருப்பத்துக்கு விட்டுவிடலாம். வெளிக் கோச்சை இந்தக் கட்டத்தில் அமர்த்த மாட்டேன். சூப்பர்வைசராக இருப்பவர் சில ஆண்டுகள் கழித்து ஒரு பிரிவுக்கே தலைவராகி, மேலே இருப்பவரிடமும் கீழே இருப்பவரிடமும் மனம் விட்டுப் பேச முடியாத இடத்தில் தனித்து நிற்கும்போது, அந்தப் பணம் அவருக்குச் சரியாகப் பயன்படும். மேலாளரே அச்சத்துக்குக் காரணமாக இருக்கும் ஆலையில் என் வரிசை மாறும்; அங்கே சக வட்டத்தில் தொடங்கி, கோச்சை மேலாளருக்கு அமர்த்தச் சொல்வேன்.

இந்தத் தேர்வில் பணத்தைவிட நேரத்தின் விலை அதிகம். நான்கு பேருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், 26 வாரத்துக்கு 52 மணி நேரம். டெஸ்பாட்ச் நெருக்கடியிலும், ஆடிட்டுக்கு முந்தைய வாரத்திலும், வாடிக்கையாளர் வந்து நிற்கும் நாளிலும் அந்த அரை மணி நேரம் தவறக் கூடாது. அவ்வளவு நேரம் மேலாளரிடம் இல்லை என்றால், இப்போது இரண்டு பேரை மட்டும் உயர்த்திவிட்டு, மற்ற இருவரை ஆறு மாதம் கழித்து உயர்த்தலாம் என்று பரிந்துரையின் முதல் பத்தியிலேயே எழுதிக் கொடுத்தேன்.